மோட்டார் போச்சா, கப்ளர் போச்சா?

கேள்வி: அக்கா வணக்கம். புரட்டாசி சனிக்கிழமை வடைக்கு உளுந்து அரைச்சிட்டு இருந்தப்ப மிக்ஸி மக்கர் பண்ணிடுச்சு, ரப்பர் கருகுன மாதிரி ஒரே நாத்தம், இப்ப சுவிட்ச் போட்டா எப்பவும் போல ஓடுற சத்தம் கேக்குது ஆனா ஜார்ல பிளேடு மட்டும் அசையவே மாட்டேங்குது. போன வருஷம் சென்னை போனப்ப வாங்கினது. இங்க ரிப்பேர் கடையில காமிச்சா "இந்தியா மிஷின், நம்ம கரண்ட்டுக்கு மோட்டார் போச்சு, 950 ரேண்ட் ஆகும்"ங்கிறாங்க. இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு.
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஏம்மா, மோட்டார் போயிருந்தா அந்த ஓடுற சத்தம் எங்கிருந்து வருது? அப்புறம் அந்த கரண்ட் கதை, ஊர்லயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், இங்கயும் அதேதான், மாறுறது பிளக் மட்டும். எனக்கென்னவோ போனது கப்ளர்னுதான் தோணுது, ஜாரைத் தூக்கினா கீழ மோட்டார் தலையில கறுப்பா பல்லு பல்லா ஒண்ணு இருக்குமே, அதுதான். பிளக்கைப் பிடுங்கிட்டு பாருங்க, பல்லெல்லாம் மழுங்கியோ உடைஞ்சோ இருந்தா அதை மட்டும் மாத்தினா போதும், ரொம்ப சின்ன செலவு.

ஆனா அதோட விட்டுடாதீங்க. ஜாரைக் கவுத்து அடியில இருக்கிற பல்லை விரலால சுத்திப் பாருங்க, லேசா சுத்தணும். இறுக்கமா இருந்தா புஷ் (பிளேடு தண்டைப் பிடிச்சிருக்கிற வளையம்) வழியா தண்ணி இறங்கி தண்டு துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம், அதைச் சரி பண்ணாம புது கப்ளர் போட்டா அதுவும் சீக்கிரமே பல்லு போயிடும். எங்க வீட்டுல இப்படித்தான் ரெண்டு கப்ளர் மாத்தி மூணாவதுக்குத்தான் எனக்கு புத்தி வந்துச்சு. தண்ணி ஊத்தாம கெட்டியா, ஜாரை முழுசா நிரப்பி அரைக்கிறதும் இதுக்கு ஒரு காரணம், நாமதான் வடை மாவுன்னா தண்ணிய கண்ணுலயே காட்ட மாட்டோமே!

சத்தமே வரலைன்னா அது வேற கதை. அரை மணி ஆற விட்டு அடியில இருக்கிற ஓவர்லோட் பட்டனை அமுக்கிப் பாருங்க, பாதி மிக்ஸி அதுலயே எழுந்திரிச்சிடும். விட்டு விட்டு ஓடி, காத்து ஓட்டை வழியா பொறி பறந்தா மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், அதையும் மாத்திக்கலாம். வார்னிஷ் கருகுன வாசத்தோட புகை வந்துச்சா, மோட்டார்ல சுத்தியிருக்கிற கம்பி, அதான் காயில், எரிஞ்சிருக்கும், அப்ப உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. ரிப்பேர் செலவு புதுசு விலையில பாதியைத் தாண்டினா நான் யோசிக்கவே மாட்டேன். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப உங்க மாடலுக்கு ரெண்டு கப்ளர், ஒரு செட் வாஷர் பெட்டியில போட்டுட்டு வந்துடுங்க, ஊறுகாய் பாட்டிலை விட இடம் கம்மிதான்.

கேள்வி: இங்க ஜோபர்க்ல வாங்கின பிளெண்டர் அஞ்சே மாசத்துல நின்னுடுச்சு. கடைக்காரர் ரிப்பேர் மட்டும்தான் பண்ணுவோம்ங்கிறார். அதுதான் ரூலா?
- வாசகர், ஜோகன்னஸ்பர்க்

பதில்: இல்லவே இல்ல. இந்த நாட்டுல 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல 56ஆம் பிரிவுப்படி பொருள் கைக்கு வந்த 6 மாசத்துக்குள்ள பழுதுன்னா ரிப்பேரா, மாத்திக் கொடுக்கிறதா, பணம் திருப்பியான்னு முடிவு பண்றது நீங்க, கடைக்காரர் இல்ல. ரிப்பேருக்கே சரின்னு விட்டு, 3 மாசத்துக்குள்ள திரும்ப மக்கர் பண்ணினா அப்புறம் மாத்தியே ஆகணும், இல்ல காசைக் கொடுக்கணும். நீங்களா திறந்து நோண்டியிருந்தா மட்டும் வாதாட முடியாது. உங்களுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல, அதனால இந்த வாரமே எழுத்துல கொடுங்க, வாயால சொன்னா நிக்காது. ரசீதை இப்பவே போன்ல போட்டோ எடுத்து வைங்க, அந்தப் பேப்பர்ல எழுத்து வெளுத்துப் போயிடும்.