தூண்டில் கேள்வி பதில்: எத்தனை கலர் விட்டீர்கள், என்ன வேகம்?

கொளத்தூர் (மேட்டூர் வழி) வாசகர்: மகன் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து சட்பரியில் இருக்கிறான். வரும் ஜூனில் போய் மூன்று மாதம் அவனோடு இருக்கப் போகிறேன். 14 அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். ஏரி ட்ரவுட் என்கிற மீனைப் பிடிக்க ஆசை, ஆனால் போன கோடை முழுக்க ஒன்றுகூட மாட்டவில்லையாம். ஈயம் வைத்த நரம்பு போட்டுப் படகை ஓட்டினால் மாட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பரிசலில் உட்கார்ந்து தங்கூஸில் மண்புழு கோத்துப் போட்டது மட்டும்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் மகன் படகு விடுகிற ஏரியில் ஏரி ட்ரவுட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கிண்டல் இல்லை. சட்பரி நிக்கல் ஊர். அங்கே உருக்காலைப் புகையால் பல ஏரிகள் அமிலமாகி இந்த மீன் அழிந்துபோய், புகை குறைந்த பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர் தேறி, மறுபடி குஞ்சு விட்டு வளர்த்திருக்கிறார்கள். எல்லா ஏரியிலும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மாகாண அரசே எந்த ஏரியில் என்ன மீன் என்று இணையத்தில் வைத்திருக்கிறது, மகனை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு மீன்பிடி உரிமத்தையும், இந்த மீனை எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பிடிக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏரிக்கு ஏரி மாறும்.

இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏன் மாட்டவில்லை? இந்த மீனுக்கு 10 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்தான் பிடிக்கும். ஜூலையில் ஏரியின் மேல்தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிக்கிற பதத்தில் இருக்கும், அதற்குக் கீழே ஒரு இடத்தில் சட்டென்று குளிர ஆரம்பிக்கும், அதற்கும் கீழேதான் இவர் உட்கார்ந்திருப்பார். 40, 50 அடி, சில ஏரிகளில் இன்னும் ஆழம். உங்கள் மகன் சாதாரண நரம்பில் ஸ்பூனை (மீனை ஏமாற்றுகிற, கரண்டி வடிவ உலோகத் தகடு) கட்டி இழுத்திருந்தால் அது 8, 10 அடிக்குக் கீழே போயிருக்காது. மீன் தரைத்தளத்தில், மகன் மொட்டை மாடியில் சோறு வைத்திருக்கிறார்.

அதற்குத்தான் ஈய நரம்பு. நடுவில் மெல்லிய ஈயக் கம்பி, அதைச் சுற்றி நைலான் பின்னல், அவ்வளவுதான் சமாச்சாரம். கெஜக்கணக்கில் விற்பார்கள். 10 கெஜத்துக்கு ஒரு தரம், அதாவது 30 அடிக்கு ஒரு தரம், பின்னலின் நிறம் மாறும். ஒரு நிறத்துக்கு ஒரு 'கலர்' என்று பேர். 100 கெஜச் சுருள் என்றால் 10 கலர். இந்த ஏற்பாடு எவருக்குத் தோன்றியதோ, புண்ணியவான். மீன் மாட்டும்போது எத்தனை கலர் வெளியே இருந்தது என்று தெரிந்தால் அடுத்த தடவையும் தூண்டிலை அதே ஆழத்துக்கு இறக்கலாம்.

ஒரு கலருக்கு எத்தனை அடி இறங்கும்? மணிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அங்கே பேசுகிற கணக்கில் 2 மைல் வேகத்தில் போனால் சுமார் 5 அடி. வேகத்தைக் குறைத்தால் 6, 7 அடிகூட இறங்கும். ஆகவே 10 கலரும் விட்டால் 50 அடியைத் தொடலாம், மெதுவாகப் போனால் அதற்கும் கொஞ்சம் கீழே. இதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம், நரம்பின் பருமன், ஸ்பூனின் எடை எல்லாவற்றுக்கும் மாறும். வேகத்தை மட்டும் விடாதீர்கள். இந்த மீன் சோம்பேறி, மணிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர் போதும். தீபாவளிக்கு முந்தின நாள் சேலம் சின்னக்கடை வீதிக் கூட்டத்தில் நடப்போமே, கிட்டத்தட்ட அந்த நடை. போன் ஜிபிஎஸ்ஸே வேகத்தைக் காட்டும். மோட்டாரை எவ்வளவு குறைத்தும் படகு வேகமாகப் போனால் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப் பின்னால் விடுங்கள், அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வாங்க வேண்டியது ஒரு ராடு (தூண்டில் கம்பு), ஒரு ரீல் (நரம்பு சுற்றுகிற உருளை), ஒரு சுருள் ஈய நரம்பு. கடைக்காரர் மூன்று செட் தலையில் கட்டப் பார்ப்பார், வேண்டாம். ராடு எட்டு, எட்டரை அடியில், நன்றாக வளைகிற ரகமாக இருக்கட்டும். ஈய நரம்பு ரப்பர் மாதிரி நீளாது, மீன் இழுக்கும்போது ராடுதான் வளைந்து கொடுக்க வேண்டும். ரீல் பெரியதாக வேண்டும், இந்த நரம்பு தடிமன், சின்ன ரீலில் 10 கலர் அடங்காது. அதற்கு அடியில் 100, 150 கெஜம் சாதாரணப் பின்னல் நரம்பு வேறு சுற்ற வேண்டும். நரம்பில் 18 பவுண்டு, 27 பவுண்டு என்று தாங்கும் பலம் போட்டிருக்கும், ஆரம்பத்துக்கு இரண்டில் எதுவும் சரி, நான் 18 வைத்திருந்தேன். முனையில் 20 அடிக்குக் குறையாமல் ஃப்ளோரோகார்பன் லீடர், அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாத முனை நரம்பு, 12 பவுண்டு போதும். அதன் நுனியில் ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழல்கிற வளையம்), அப்புறம் ஸ்பூன்.

லீடரைக் கட்டுகிற விதம் அழகானது. பின்னலைப் பின்னுக்குத் தள்ளினால் ஈயக் கம்பி தலை நீட்டும், நாலைந்து அங்குலம் உருவி ஒடித்துப் போட்டுவிட்டால் பின்னல் மட்டும் வெறும் குழலாகத் தொங்கும். பாவாடையில் நாடா கோக்கிற மாதிரி லீடர் நுனியை அதற்குள் நுழைத்து, ஈயம் தடுக்கிற வரை தள்ளி, குழலையும் லீடரையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். முடிச்சு சின்னதாக வரும், ராடின் வளையங்களில் தடுக்காமல் போகும். (எச்சிலைத் தொடுங்கள், நரம்பைப் பல்லால் கடிக்காதீர்கள். அது ஈயம்.) வீட்டிலேயே பத்துத் தடவை கட்டிப் பழகிக்கொண்டு போங்கள். படகில், குளிரில், விறைத்த விரலோடு முதல் தடவையாகக் கட்டிப் பார்த்தால் என் மேல் கோபம் வரும்.

விடும்போது படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டை விரலை ரீல் மேல் லேசாக வைத்து, நிறம் மாறுவதை எண்ணிக்கொண்டே விடுங்கள். விரலை எடுத்தால் ரீல் தானே சுழன்று நரம்பு கூடு கட்டிவிடும், அதில் ஒரு மடிப்பு விழுந்தால் உள்ளே ஈயம் ஒடிந்து பின்னலைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அந்த இடம் அதோடு போச்சு.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் வேலை பார்த்த காலத்தில் முதல் மீன் மாட்டிய சந்தோஷத்தில் மோட்டாரை அணைத்துவிட்டேன். பரிசலில் வளர்ந்த புத்தி, மீன் மாட்டினால் நிற்க வேண்டும் என்றுதான் கை போகும். படகு நின்றதும் ஏழு கலர் ஈயமும் நேராகத் தரைக்கு இறங்கி, பாறை இடுக்கில் சிக்கி, மீனும் போய், ஏழில் ஐந்து கலரை அறுத்துவிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரியாததா, மேட்டூர் அணைப் பண்ணவாடியில் தண்ணீர் வற்றும்போது நந்தி தலையும் மாதா கோயில் கோபுரமும் வெளியே வருமே, தண்ணீர் நிறைந்திருக்கும்போது அவற்றின் மேல் வலை மாட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான். மீன் மாட்டினாலும் படகு ஊர்ந்துகொண்டே இருக்கட்டும், மகன் ஓட்டட்டும், நீங்கள் சுற்றுங்கள்.

மீன் மேலே வரும்போது தண்ணீரில் குமிழ் குமிழாக வரும், பயப்படாதீர்கள். இந்த மீன் காற்றுப்பையில் இருக்கிற காற்றை வாய் வழியாக ஏப்பம் மாதிரி விட்டுவிடும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். நீச்சல் தெரியும் என்பீர்கள், தண்ணீர் குளிராக இருக்கிற நாளில் கை கால் ஓடாது.

ஓமலூர் வாசகர் (இப்போது டொராண்டோ): 10 கலரும் விடுகிறேன், வேகமும் சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் கடிக்கவில்லை. நேர்கோட்டில் ஒரு மணி நேரம் போகிறேன்.

நேர்கோடுதான் கோளாறு. பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து ஓட்டுங்கள். படகு திரும்பும்போது உள்பக்கத்து ராடின் தூண்டில் வேகம் குறைந்து கீழே இறங்கும், வெளிப்பக்கத்தது வேகம் கூடி மேலே ஏறும். உள்பக்க ராடில் கடித்தால் இன்னும் ஒரு கலர் விடு, அல்லது வேகத்தைக் குறை என்று மீனே சொல்கிறது. வெளிப்பக்கம் கடித்தால் தலைகீழ். ஒரே ராடு இருந்தாலும் இடம் திரும்பும்போது கடித்ததா வலம் திரும்பும்போதா என்று கவனித்தால் போதும். இன்னொன்று, 10 கலர் விட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காலையில் ஆறு கலரில் ஆரம்பித்து, கால் மணிக்கு ஒரு கலர் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் கலரையும் வேகத்தையும் ஸ்பூனையும் சேர்த்து மாற்றினால் எதனால் கடித்தது என்று ஆயுசுக்கும் தெரியாது. 70, 80 அடியில் மீன் நின்றால் இந்தச் சுருளால் எட்டாது, அப்போது செம்பு நரம்போ, கனமான குண்டைக் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்குகிற டவுன்ரிகர் என்கிற ஏற்பாடோ வேண்டும், அது வேறு செலவு.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. மச்சான் கனடாவிலிருந்து ஒரு தூண்டில் ஸ்பூன் கொண்டு வந்து காட்டினார், வெள்ளி முலாம் என்கிறார். மீனுக்கு எதற்கு வெள்ளி? நாமே செய்து அனுப்பலாமா?

மச்சான் சொன்னது நிஜம். கனடாவின் வில்லியம்ஸ் ஸ்பூன்கள் அசல் வெள்ளி, தங்க முலாம் போட்டே வருகின்றன. ஆழத்தில் வெளிச்சம் கம்மி, சிவப்பு நிறமெல்லாம் சீக்கிரமே கறுத்துவிடும். வெள்ளி இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கி அடிக்கும், மீன் அதைச் சின்ன மீனின் வயிறு என்று நினைத்துக்கொள்ளும். சுத்தியல் தடம் போட்ட ஸ்பூன் நாலா பக்கமும் மினுக்கும், அது உங்களுக்குக் கை வந்த கலை. தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பளபளப்பைவிட வளைவுதான் முக்கியம். கரண்டி மாதிரி ஒரே சீராகக் குழித்தால் மெதுவான வேகத்தில் கட்டை மாதிரி வரும். வால் பக்கம் கொஞ்சம் எதிர்த் திசையில் வளைத்துப் பாருங்கள், அப்போதுதான் புரண்டு புரண்டு வரும். தகடு மெல்லியதாக இருக்கட்டும். நூல் கட்டி, தண்ணீர்த் தொட்டியில் நடக்கிற வேகத்தில் இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளி விற்கிற விலைக்குப் பித்தளையில் செய்து முலாம் மட்டும் போடுங்கள், பாறையில் அறுந்து போகிற சாமான் அது.

ஏற்காடு வாசகர்: இதே ஈய நரம்பை வைத்து நம் ஏற்காடு ஏரியில் ட்ரவுட் பிடிக்க முடியுமா? ஊட்டியில் ட்ரவுட் இருக்கிறது என்கிறார்களே.

முடியாது. நம் ஏரியில் ட்ரவுட் கிடையாது. நீலகிரியில் இருப்பது ரெயின்போ ட்ரவுட், வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டு வந்து விட்டு, அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து வளர்த்தது. ஏரி ட்ரவுட் என்பது பேரில்தான் ட்ரவுட், வம்சம் வேறு, வட அமெரிக்கக் குளிர் ஏரிகளுக்கு உரியது. கரும்பச்சை உடம்பில் வெளிர்ப் புள்ளி, வால் ஆழமாகப் பிளந்திருக்கும். 1961இல் கனடாவின் அதபாஸ்கா ஏரியில் வலையில் அகப்பட்டது ஒன்று 102 பவுண்டு, 46 கிலோ! சேர்வராயன் மலை 1,500 மீட்டர் உயரம் என்றாலும் படகுச் சவாரி ஏரியில் அந்த ஆழமும் இல்லை, அந்தக் குளிரும் இல்லை. மேட்டூரில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அங்குள்ள கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிற மீன், ஸ்பூனைத் துரத்தாது, அதோடு உரிமம் வாங்கி வலை விரித்திருக்கிறவர்களின் வலையை உங்கள் ஈயம் அறுத்தால் அடி விழும்.

கருப்பூர் வாசகி: என் கணவர் அங்கிருந்து படம் அனுப்புகிறார், இந்த மீனைக் குழம்பு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கொழுப்பு அதிகமான மீன், தேங்காய் அரைத்து ஊற்றினால் திகட்டும். புளி கொஞ்சம் தூக்கலாக, மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்துத் தேங்காய் இல்லாமல் வையுங்கள். வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பையும் தோலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒன்றரை, இரண்டு கிலோ மீன்தான் ருசி. பெரியது மெதுவாக வளர்கிற கிழம், இருபது வருஷத்துக்கு மேலும் வாழும், உடம்பில் பாதரசமும் சேர்ந்திருக்கும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடக் கூடாது. அதைப் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். குழம்பை அன்றைக்கே தொடாமல் மறுநாள் காலையில் இட்லிக்கு ஊற்றிப் பாருங்கள்.