இலையுதிர் காலமும் ரெண்டு வாண்டுகளும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ரெண்டு பசங்க, பெரியவனுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்கு ரெண்டரை. இங்க இலை கலர் மாற ஆரம்பிச்சாச்சு. போனைத் திறந்தா வாசல்ல இலை மாலை, மேஜையில அலங்காரம், தினம் ஒரு கிராஃப்ட்னு ஆளாளுக்கு அசத்துறாங்க. வேலைக்குப் போயிட்டு வந்து எனக்கு அதெல்லாம் நடக்கிற காரியமில்ல, ஆனாலும் இது எங்க வீட்டு வழக்கம்னு பசங்க சொல்லிக்கிற மாதிரி ஏதாவது இருக்கணும்னு ஆசை. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதல்ல அந்த தினம் ஒரு கிராஃப்ட் சமாச்சாரத்தை விட்டுத் தள்ளுங்க, அது பெரியவங்க பெரியவங்களுக்குக் காட்டுறதுக்காகப் பண்றது. ரெண்டரை வயசுக்காரி கையில பசையைக் குடுத்தா கடைசியில தரையைச் சுரண்டப் போறது நீங்கதான். வழக்கம்னா உங்களுக்கு அலுப்பா இருக்கிற நாள்லயும் நடக்கிற ஒண்ணா இருக்கணும், இல்லன்னா அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காது.

என்னைக் கேட்டா ஒரு மரம் போதும். தினம் போற வழியில கண்ணுல படுற, இலை உதிர்க்கிற ஒரு மரம், எதுன்னு பசங்களே முடிவு பண்ணட்டும், ஆனா வருஷா வருஷம் அதே மரம்தான். வாரத்துல ஒரு நாள் அதுக்கிட்ட போய் அதே இடத்துல நின்னு ஒரு போட்டோ, கீழ கிடக்கிறதுல ஒரு இலை, அவ்ளோதான்.

மத்ததெல்லாம் பேச்சுல தானா வரும். இலை ஏன் மஞ்சளாகுதுன்னு பெரியவன் கேப்பான் பாருங்க, அப்ப சொல்லுங்க, மஞ்சள் புதுசா வரல, கோடை முழுக்க உள்ளேயேதான் இருந்துச்சு, பச்சைதான் அதை மறைச்சிட்டு இருந்துச்சு, பகல் குறையக் குறைய மரம் பச்சையம் செய்றதை நிறுத்திடுது, இருக்கிறதும் சிதைஞ்சு போயிடுது, அதான் மஞ்சள் வெளிய தெரியுது. சிவப்பு கதை வேற. அது பெரும்பாலும் அந்த சமயத்துலதான் இலையில இருக்கிற சர்க்கரையை வச்சு புதுசா உண்டாகுது, அதனால பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறைபனி இல்லாத குளிர்னு சில நாள் அமைஞ்சா சிவப்பு தூக்கலா இருக்கும். சில மேப்பிள் மரத்துல வெயில் படுற பக்கம் சிவப்பு, நிழல் பக்கம் மஞ்சள்னு ரெண்டையும் ஒண்ணாவே பாக்கலாம். விழுந்த இலையோட காம்பு நுனியையும் காட்டுங்க, பிய்ஞ்ச மாதிரி இருக்காது, சீவி எடுத்த மாதிரி இருக்கும், ஏன்னா காத்து வர்றதுக்கு முன்னாடியே மரம் காம்படியில ஒரு தனி அடுக்கை வளர்த்து இலையைக் கழட்டிவிட ரெடியாயிடுது.

கொண்டுவந்த இலையை என்ன பண்றது? கவுத்துப் போடுங்க, நரம்பு புடைச்சிருக்கிற அடிப்பக்கம் மேல வரணும், அது மேல மெல்லிசா ஒரு பேப்பர், பேப்பர் சுத்துன க்ரேயானா இருந்தா அதை உரிச்சிட்டு படுக்கப் போட்டு தேய்க்கணும். சின்னவளே பண்ணுவா, கோணல்மாணலா தேய்ச்சாலும் நரம்பெல்லாம் ஒவ்வொண்ணா மேல எழும்பி வரும், அந்த மூஞ்சியை நீங்க பாக்கணும்! ஓரத்துல தேதி போட்டு ஒரே நோட்டுல சேத்து வைங்க. நிஜ இலையே வேணும்னா நியூஸ்பேப்பருக்கு நடுவுல வச்சு தடி புக்குக்கு அடியில ரெண்டு வாரம் விட்டுடுங்க, காஞ்சிரும்.

பைன் கோன், அதான் பைன் மரத்துல செதில் செதிலா இருக்கிற காய், கிடைச்சா விடாதீங்க. தண்ணியில ஊறப் போட்டா செதிலெல்லாம் மூடிக்கும், எடுத்து காய வச்சா திரும்ப விரியும். ஈரத்துல விதை தூரமாப் பறக்காதுல்ல, அதான். எத்தனை தடவை வேணாலும் பண்ணலாம், அஞ்சு வயசுக்கு இதைவிட மேஜிக் கிடையாது. ஓக் காய் பொறுக்கிட்டு வந்தா மட்டும் கொஞ்சம் உஷாரு, கிண்ணத்துல போட்டு ஷெல்ஃபுல வச்சீங்கன்னா சில காய்ல வட்டமா ஒரு குட்டி ஓட்டை போட்டுக்கிட்டு வெள்ளையா கொழுகொழுன்னு ஒரு புழு வெளிய வரும், ஒரு வகை வண்டோட புழு அது. பெரியவன் குதிப்பான், நீங்க எப்படின்னு எனக்குத் தெரியாது. சின்னவ எதையும் வாயில போடாம பாத்துக்கங்க, கீழ கிடக்கிற கொட்டை பழம் எல்லாம் சாப்பிடறதுக்கு இல்ல, சிலது விஷம்.

இன்னொண்ணு வேணும்னா, வெயில் உள்ள வர்ற ஜன்னல் ஒண்ணைப் பிடிங்க. இலையுதிர் காலத்துல பகலும் ராத்திரியும் கிட்டத்தட்ட சமமா இருக்கிற நாள் உலகத்தோட வடக்குப் பாதியில செப்டம்பர் 22 இல்ல 23, தெற்கே இருந்தீங்கன்னா மார்ச் 20 இல்ல 21. அன்னிக்கு வெயில் விழுற இடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க, அப்புறம் வாரா வாரம் அதே மணிக்கு ஒண்ணு, வெளிச்சம் நகர்ந்து போறதை பசங்க கண்ணாலயே பாப்பாங்க. நடுவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்துற ஊருன்னா பழைய மணியையே கணக்கு வச்சுக்கங்க, இல்லன்னா வரிசை எங்கயோ குதிச்சிடும். ரெண்டையும் இந்த வருஷமே ஆரம்பிக்கணும்னு ஒண்ணும் இல்ல, மரம் மட்டும் போதும்.

அந்த வாசல் மாலை மேல உங்களுக்கே ஒரு கண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். இருந்தா பண்ணுங்க, ஆனா பசங்க தூங்கினப்புறம், உங்களுக்காக.