எஸ்எஃப்சி சரிசெய்யாத கோப்புகள்: முதலில் டிஸ்ம்

விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' கட்டளையை மூன்று முறை ஓட்டியும் சில கோப்புகளைச் சரிசெய்ய இயலவில்லை என்றே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நான்காம் முறையும் அதேதான் வரும். கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்' கட்டளையை முடித்த பிறகே எஸ்எஃப்சியை ஓட்டுங்கள் (இரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்: முதலில் DISM /Online /Cleanup-Image /RestoreHealth, பிறகு sfc /scannow).

எஸ்எஃப்சி நல்ல பிரதிகளை விண்டோஸ் கோப்புறையில் உள்ள 'வின்எஸ்எக்ஸ்எஸ்' கிடங்கிலிருந்து எடுக்கிறது. பெரும்பாலும் அந்தக் கிடங்கே கெட்டுப்போயிருக்கும். அதை விண்டோஸ் அப்டேட் வழியாகப் புதுப்பிப்பது டிஸ்ம் என்பதால் இணைய இணைப்பு தேவை. சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நின்றாலும் சாளரத்தை மூடிவிடாதீர்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால், விண்டோஸ் கோப்புறைக்குள் லாக்ஸ், அதனுள் சிபிஎஸ் என்று சென்று, 'சிபிஎஸ்.லாக்' (CBS.log) என்ற பதிவுக் கோப்பில் '[எஸ்ஆர்]' ([SR]) என்று தேடுங்கள். எந்தக் கோப்பு மறுக்கிறது என்பது பெயரோடு இருக்கும்.

விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் ஒரு டிஎல்எல் (நிரல்) கோப்பின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றியதாகவும் சொல்கிறீர்கள். அதைத் திருப்பிவிடுவது நல்லது:

1. அந்தக் கோப்பின் ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று சென்று, ஓனர் வரியில் சேஞ்ச் அழுத்துங்கள்.
2. விண்டோஸ் கோப்புகளின் வழக்கமான உரிமையாளரான 'என்டி சர்வீஸ்\டிரஸ்டட்இன்ஸ்டாலர்' (NT SERVICE\TrustedInstaller) என்று முழுமையாக அடியுங்கள். பின்பாதியை மட்டும் அடித்தால் பெயர் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.
3. உங்கள் கணக்குக்குக் கொடுத்த ஃபுல் கன்ட்ரோலையும் நீக்குங்கள்.

ஒரு கோப்புக்குப் பதிலாகக் கோப்புறை முழுவதற்கும் மாற்றியிருந்தால் இந்த வழி போதாது. ஆவணங்களை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு, அதே விண்டோஸ் பதிப்பின் ஐஎஸ்ஓவில் (நிறுவல் வட்டின் பிரதிக் கோப்பில்) உள்ள செட்அப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தெரிவோடு மறுநிறுவல் செய்யுங்கள்.