டேஷ்கேம்ல லூப் இருந்தும் "கார்டு ஃபுல்" வருதா? ஜி-சென்சாரைப் பாருங்க

அண்ணே, தினமும் மேலூர்–மதுரை ஓட்டுறீங்க, லூப் ரெக்கார்டிங் (கார்டு நிறைஞ்சதும் பழைய கிளிப்பை அழிச்சு புதுசை எழுதுறது) ஆன்ல இருந்தும் "கார்டு ஃபுல்"னு நின்னுடுது, மத்தியானத்துல டேஷ்கேம் தானா அணைஞ்சுடுதுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் வேற வேற கோளாறு.

முதல்ல ஜி-சென்சார், அதாவது கேமராவுக்குள்ள இருக்கிற அதிர்வு உணரி. வண்டி குலுங்கினா விபத்துன்னு எடுத்துக்கிட்டு அந்தக் கிளிப்பைப் பூட்டி வச்சிடும். பூட்டின கிளிப்பை லூப் அழிக்காது. நம்ம ஊர் வேகத்தடை ஒவ்வொண்ணும் அதுக்கு ஒரு விபத்துதான்! சென்சிட்டிவிட்டியை "லோ"ல வைங்க. வேணுங்கிற கிளிப்பை எடுத்துட்டு, கார்டை கேமராவிலேயே ஃபார்மட் பண்ணுங்க. மாசம் ஒருக்கா போதும். கார்டு "ஹை என்டியூரன்ஸ்" ரகமா, அதாவது ஓயாம எழுதி அழிச்சாலும் தாங்குறதா இருக்கணும். சாதாரண கார்டு ஓயாம எழுதி அழிச்சே சீக்கிரம் செத்துரும், அதுவும் சொல்லாம கொள்ளாம. 1080பி வீடியோ, நொடிக்கு 15 மெகாபிட் (எம்பிபிஎஸ்) கணக்குல 64 ஜிபிக்கு ஏறக்குறைய 9 மணி நேரம் வரும்.

அணையுறது பெரும்பாலும் சூட்டுனால. மாட்டுத்தாவணி வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின வண்டிக்குள்ள லித்தியம் பேட்டரி தாங்காது, உப்பும். கேமராவோட மூடி விளிம்புல சந்து விட்டிருக்கா, ஸ்க்ரீன் மேல தள்ளியிருக்கான்னு பாருங்க. அப்படி இருந்தா சார்ஜ் போடவே போடாதீங்க, கேமராவை மாத்திடுங்க. புதுசு வாங்கினா லித்தியம் பேட்டரிக்குப் பதிலா சூட்டை நல்லா தாங்குற சூப்பர் கெப்பாசிட்டர் வச்ச மாடல்தான். நிறுத்தி வைக்கும்போது கழட்டி டேஷ்போர்டு பெட்டிக்குள்ள வைங்க. பார்க்கிங் மோடு (வண்டி நிக்கும்போதும் பதிவு பண்றது) கட்டாயம் வேணும்னா, வண்டி பேட்டரியிலிருந்து நேரா கரண்ட் எடுக்கிற ஹார்ட்வயர் கிட் போட்டு, கேமராவுக்குக் கரண்டை நிறுத்துற கட்-ஆஃபை 12.2 வோல்ட்ல வைங்க. இல்லேன்னா வண்டி பேட்டரி தீர்ந்து, காலையில வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.