வாசகர் கேள்வி–பதில்: விடுதலைக்கு முந்தைய பத்திரிகைக் கதைகள்

கேள்வி: வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ தாகூர் கதை ஒன்றின் தழுவல் என்கிறார்கள். அப்படியிருக்க, அதைத் தமிழின் முதல் சிறுகதை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கலாமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஐயர் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில், 1915ஆம் ஆண்டு ‘விவேகபோதினி’ இதழில், அவருடைய மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயரில் வெளிவந்த கதை அது. தாகூர் 1884இல் எழுதிய கதையில் ஆற்றங்கரைப் படித்துறை பேசுகிறது, இதில் அரசமரம் பேசுகிறது. இரண்டிலும் ஓர் இளம்பெண் நீரில் மூழ்கி இறக்கிறாள். சாயலே இல்லை என்று வாதாடுவது வீண். ஆனால் தாகூரின் குசும் விதவை. ஐயரின் ருக்மிணியோ கணவன் உயிரோடிருக்கும்போதே, தகப்பனாரின் செல்வம் போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புக்ககத்தாரால் ஒதுக்கப்படுகிறவள். அந்தச் செல்வம் எப்படிப் போயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற ஆங்கிலேயர் வங்கி திவாலாகி, அதில் பணம் போட்டிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன; அந்தச் செய்தியைத்தான், ஊரார் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கிய பாவனையில், மரம் நமக்குச் சொல்கிறது. சட்டகம் இரவலாக இருக்கலாம், கதைக்குள் இருக்கும் துயரம் நம் ஊருடையது. ‘முதல்’ என்ற பட்டத்தைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, பாரதியாரும் அ. மாதவையாவும் அதற்கு முன்பே கதை எழுதியவர்கள்தாம்.

கேள்வி: அக்காலத்தில் இலக்கியக் கதைகளை ‘மணிக்கொடி’ வெளியிட்டது, பொழுதுபோக்குக் கதைகளை ‘ஆனந்த விகடன்’ வெளியிட்டது என்று பிரித்துச் சொல்வது சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பிரிவினை பொய்யில்லை; ஆனால் சுவர் நாம் நினைக்கும் அளவுக்கு உயரமானதும் இல்லை. 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய விகடனை 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். பரிசுத் தொகையோடு கூடிய குறுக்கெழுத்துப் போட்டி வாசகரை இழுத்துவந்தது. 1931இல் வந்து சேர்ந்த கல்கியின் நகைச்சுவை அவர்களைத் தக்கவைத்துக்கொண்டது. அந்தப் பத்திரிகை ஒருவர் கையோடு நின்றுவிடவில்லை. வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, பாட்டி முதல் பேத்தி வரை உட்கார்ந்து கேட்டார்கள். ஆகவே யார் முன்னிலையிலும் கூசாமல் படிக்கக்கூடியதாகக் கதை இருந்தாக வேண்டும் என்ற எழுதாத விதி ஒன்று ஏற்பட்டுவிட்டது. அந்த விதி கதையைச் சுருக்கியது என்பது உண்மையே. ஆயினும் அதற்காக அவை வெறும் சிரிப்புக் கதைகள் என்று தள்ளிவிட முடியாது. விகடனுக்கு வருமுன் கல்கி திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் ராஜாஜியோடு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். குடியால் குடும்பம் கெடும் கதைகளை அதற்கென்றே எழுதிப் பழகியவர். பிரசாரத்தைக் கதையாகச் சொல்லும் வித்தை அங்கே கைவந்ததுதான்.

‘மணிக்கொடி’ 1933இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் தொடங்கிய அரசியல் வார இதழ், 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதை இதழாக மாறிற்று, சில ஆண்டுகளில் நின்றும்போயிற்று. எழுதியவர்களுக்குக் கொடுக்க அதனிடம் பணம் இல்லை. யாருக்கும் அஞ்ச வேண்டிய அவசியமும் இல்லை. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ அதில் 1934இல் வந்தது. ஆலைத் தொழிலாளியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் ஜட்காக்காரப் புருஷனுக்குப் பால்கஞ்சி காய்ச்சுவதற்காக ஓர் ஆணோடு இருட்டுக்குள் போய், முக்கால் ரூபாய் சம்பாதித்துத் திரும்புகிறாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க இந்தக் கதையை உரக்கப் படித்துக்காட்டும் துணிவு அன்றைக்கு எந்தக் குடும்பத் தலைவருக்கு இருந்திருக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகும், அதே புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வெளிவந்தது, பண்டிதர்களும் குடும்பத்தினரும் ஒருங்கே மதித்த ‘கலைமகள்’ மாத இதழில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ந. பிச்சமூர்த்தியின் ‘முள்ளும் ரோஜாவும்’ கலைமகளின் பரிசு பெற்ற கதை. நல்ல கதை இடம் கிடைத்த பத்திரிகையில் வந்தது என்பதே என் கணிப்பு. அக்கால விகடன் கதைகளில் பெரும்பாலானவற்றை இன்று அந்நாளைய கலியாணச் சந்தையையும் உத்தியோக மோகத்தையும் அறிந்துகொள்வதற்காகவே படிக்க முடிகிறது. புதுமைப்பித்தனை அப்படி ஒரு காரணம் தேடாமலே படிக்கிறோம். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: தழுவல் விஷயத்தில் கல்கியைக் கடுமையாகச் சாடிய புதுமைப்பித்தனின் கதைகளிலேயே சில பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானிடமிருந்து வந்தவை என்பது பிற்பாடு தெரியவந்தது. மூலத்தைக் குறிப்பிடும் வழக்கம் இரு தரப்பிலும் குறைவாகவே இருந்தது.

கேள்வி: அக்காலப் பத்திரிகைகளில் பெண்கள் கதை எழுதினார்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எழுதினார்கள், பத்திரிகையும் நடத்தினார்கள். எழுதத் தெரியாத நிலையில் தம் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதுவித்த வை.மு. கோதைநாயகி அம்மாள், 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தினார். அவருடைய பலம் தொடர்கதை. சிறிய வடிவத்தில் எனக்கு அதிகம் பிடித்தவர், ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ‘குமுதினி’ என்ற புனைபெயரில் விகடனில் எழுதிய ரங்கநாயகி. இதிகாசப் பெண்கள் தாய்வீட்டுக்குத் தபால் எழுதுவதாக அவர் எழுதியவற்றில், சீதையின் கவலை பட்டுப்புடவையைப் பற்றியதாக இருக்கும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கேட்கலாம் என்ற விதியை மீறாமலே இவ்வளவு குறும்பு செய்யலாம் என்று காட்டியவர் அவர்.

கேள்வி: ஈழத்து எழுத்தாளர்களுக்குச் சென்னைப் பத்திரிகைகளில் இடம் இருந்ததா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சிலருக்கு இருந்தது. ஈழத்துச் சிறுகதை முன்னோடிகள் என்று இன்று நீங்கள் போற்றும் சம்பந்தன், இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம் ஆகிய மூவரின் கதைகளையும் ‘கலைமகள்’ வெளியிட்டிருக்கிறது. ஆனால் புதிதாக எழுத வந்த ஓர் இளைஞர் சென்னையின் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது; 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அங்கே எழுதிப் பழகிய இளைஞர்கள் சிலர் சேர்ந்து 1946இல் ‘மறுமலர்ச்சி’ என்று தமக்கே ஓர் இதழ் தொடங்கினார்கள்.