நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றினால் கெட்டுப்போன மண்ணும் தண்ணீரும் சுத்தமாகிவிடுமா?

கேள்வி கேட்டவர் விவரமும் தந்திருக்கிறார். தோட்டத்தில் டீசல் கொட்டிய இடம் ஒன்று, சாயக்கழிவு இறங்கிய கிணறு ஒன்று, ஓரமாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு. மூன்றுக்கும் ஒரே கரைசல் போதும் என்று ஒருவர் விற்கிறாராம்.

டீசல் விஷயத்தில் அவர் சொல்வது பாதி உண்மை. நார்க்கழிவுக்கு வேறு உயிர், அதாவது காளான், வேண்டும். கிணற்றுக்கு அந்தக் கரைசலால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் திருப்பூர்ப் பக்கம் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிழைப்பே நுண்ணுயிர்களை நம்பித்தான் ஓடுகிறது, ஆனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்குவது அபூர்வம். புதிதாக ஓர் ஏரேஷன் டேங்க் (கழிவுநீருக்குக் காற்றூட்டும் தொட்டி) தொடங்கும்போது, ஏற்கெனவே நன்றாக ஓடும் நிலையத்திலிருந்து ஒரு லோடு ஸ்லட்ஜ், அதாவது நுண்ணுயிர் நிறைந்த சேறு, கொண்டுவந்து விடுவோம். அது கிடைக்காவிட்டால் சாணிக் கரைசல். அப்புறம் யூரியா, டிஏபி உரங்கள். கழிவில் பிஓடி (நுண்ணுயிர் சிதைக்கக்கூடிய அழுக்கின் அளவு) 100 என்றால் தழைச்சத்து 5, மணிச்சத்து 1 என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். இது போக ப்ளோயர் இரவு பகலாக ஓடிக் காற்று கொடுக்க வேண்டும்.

டேங்க் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். நல்ல ஸ்லட்ஜ் பழுப்பு நிறத்தில், பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், முகர்ந்தால் மண் வாசம் வரும். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் எத்தனை பாட்டில் ஊற்றினாலும், புதிதாக வந்தவையும் பழையவற்றோடு சேர்ந்து சுருண்டுவிடும்.

இதே கதைதான் அமெரிக்காவின் அலாஸ்காவிலும். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா அந்தக் கரையில் முன்பே இருந்தது. எண்ணெயில் கரி (கார்பன்) மட்டும்தான் ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லை. அதனால் கரைக் கற்களின்மேல் உரம் தெளித்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில், உரம் தெளித்த துண்டு மட்டும் தனியாக வெளுத்துத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொருட்களையும் அங்கே போட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை. காற்றுப் புகாத ஆழத்தில் புதைந்த எண்ணெயோ, இருபது ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் அப்படியே இருந்தது.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்றதும் பலருக்கும் விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி நினைவுக்கு வருவார். அவர் உருவாக்கிய சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்ட வரலாற்றில் பெரிய விஷயம். ஆனால் அந்தப் பாக்டீரியாவை எந்தக் கடற்கரையிலும் இறக்கிவிடவில்லை.

சரி, உங்கள் டீசலுக்கு வருவோம். நனைந்த மண்ணை முழுதாகத் தோண்டி எடுத்து, கிணற்றை விட்டுத் தள்ளி, கனமான பிளாஸ்டிக் ஷீட்டின்மேல் ஓர் அடி கனத்துக்குப் பரப்புங்கள். மக்கிய சாணி எருவும் கொஞ்சம் யூரியா, டிஏபியும் கலந்து, ஈரம் காயாமல், சேறாகவும் ஆகாமல் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஒரு பகுதி ஆவியாகப் போகும், மீதியை மண்ணில் இருப்பவையே தின்னும். மாதக் கணக்கில் ஆகும்; வாடை போனதும் முடிந்தது என்று நினைக்காமல் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைசலுக்கு வைத்திருந்த பணத்தைப் புரட்டுகிற ஆளுக்குக் கூலியாகக் கொடுத்தால் பலன் அதிகம்.

வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டிய இடங்களும் உண்டு. உலர்சலவைக்குப் பயன்படுத்தும் குளோரின் கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்தால், கடைசிவரை சிதைக்கத் தெரிந்தது டீஹாலோகாக்காய்டீஸ் என்ற பாக்டீரியா. அதற்குக் காற்றே ஆகாது. அது இல்லாத இடத்தில் சிதைவு பாதியில் நின்று, வினைல் குளோரைடு என்ற கூடுதல் நஞ்சில் முடிந்துவிடும்.

நார்க்கழிவும் அந்த வகைதான். அதில் இருக்கும் லிக்னின் என்ற கடினமான மரப்பொருளைச் சாதாரணப் பாக்டீரியா சீக்கிரம் அசைக்காது, காளான் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: ஒரு டன் கழிவுக்குச் சிப்பிக் காளான் வித்து ஐந்து பாட்டில், யூரியா ஐந்து கிலோ. மர நிழலில் நூறு கிலோ பரப்பி வித்தைத் தூவ வேண்டும், அதன்மேல் இன்னொரு நூறு கிலோ பரப்பி யூரியா ஒரு கிலோ தூவ வேண்டும். இப்படியே மாறி மாறி ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்கலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாத ஈரம் போதும். கரி-தழைச்சத்து விகிதம் 112-இலிருந்து 24 அளவுக்கு இறங்கும், நார் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். இதில் வித்துப் பாட்டிலை நானே வாங்கச் சொல்வேன், தயக்கமே இல்லை.

கிணறுதான் சிக்கல். சாயமேற்றக் கொட்டும் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது, அதில் தின்ன ஒன்றுமில்லை. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டதும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், இன்று நாங்கள் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வைத்து அல்லாடுவதும் இந்த உப்பினால்தான். உலோகமும் அப்படியே. ராணிப்பேட்டையில் ஆலைக்கழிவாகக் குவிந்த குரோமியத்தை நஞ்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றப் பாக்டீரியாவால் முடியும், மண்ணிலிருந்து மறையச் செய்ய முடியாது.

அந்தக் கரைசல்காரர் அடுத்த முறை வந்தால் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை எடுத்து வையுங்கள். அவர் கையாலேயே ஊற்றட்டும். ஊற்றுவதற்கு முன்னும், பத்து நாள் கழித்தும் நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பணத்தை அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.