வாசகர் கேள்வி–பதில்: பழைய படத்திலிருந்து ஒரு நடிகையைப் பிரித்தெடுப்பது

கேள்வி: ஒரே நடிகையின் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிச் சோதனைப் படம் எடுக்கிறார்கள். ரசிகர்கள் தொகுக்கும் வீடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதலில் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் செய்த 'ரோஸ் ஹோபார்ட்' (1936) படத்தைப் பாருங்கள். 1931-இல் வந்த 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற 77 நிமிடச் சாகசப் படத்தின் 16 மி.மீ. பிரதியை வெட்டி, நாயகி ரோஸ் ஹோபார்ட் வரும் துண்டுகளையே முதன்மையாக வைத்து, ஏறக்குறைய 19 நிமிடமாக்கினார். காடு, முதலை, எரிமலை என்று ஓடிய கதை போயே போய்விட்டது. அவள் எதையோ பார்க்கிறாள். எதை என்று படம் சொல்வதில்லை. அந்த இடத்தில் கிரகணமும், தண்ணீரில் விழும் உருண்டையும் வருகின்றன. வசனத்தை நீக்கி, மௌனப்பட வேகத்தில், நீலக் கண்ணாடி வழியே திரையிட்டார்.

ரசிகர் வீடியோ நடிகையின் உச்சக் காட்சிகளைச் சேர்க்கும். இந்த வகைப் படம், கதைக்குத் தேவைப்படாமல் மிஞ்சியதைச் சேர்க்கிறது. அந்த மிச்சத்தில்தான் நடிகை தெரிகிறாள்.

கேள்வி: நாற்பது ஷாட் சேர்த்தேன். டிரெய்லர் மாதிரிதான் இருக்கிறது. எங்கே தவறு?

நல்ல ஷாட்களைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு. வெட்டும் முன் பட்டியல் போடுங்கள். அவள் வரும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் டைம்கோடு (படத்தில் அது வரும் நேர எண்), நீளம், பார்வை போகும் திசை (இடம், வலம், கீழ்), கை என்ன செய்கிறது, உடை என்று ஐந்தே கட்டங்கள் போதும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரே அசைவு மூன்று வேறு உடைகளில் வருவது இந்தப் பட்டியலில்தான் கண்ணில் படும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் காலம் குலைகிறது. கதை தானாக உதிர்கிறது.

அடுத்தது, உதடு. ஒலியை எடுத்த பிறகு வாய் அசைந்தால் பார்ப்பவர் வசனத்துக்காகக் காத்திருப்பார். ஆகவே பேசத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு நொடியையும், பேசி முடித்ததற்கு அடுத்த ஒரு நொடியையும் எடுங்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது அவள் கேட்டுக்கொண்டிருக்கும் ஷாட்டை விட்டுவிடாதீர்கள், அது தங்கம். டிரெய்லர் வாசனைக்கு இன்னொரு காரணம், எல்லா ஷாட்டும் ஒரே நீளத்தில் இருப்பது. ஒன்றை 12 நொடி விடுங்கள், அடுத்ததை 20 ஃபிரேமில் வெட்டுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்த கோப்பை நேரடியாக வெட்ட வேண்டாம். அதில் பல ஃபிரேம்கள் முழுப் படமாக இல்லாமல், பக்கத்து ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியாக மட்டுமே பதிவாகியிருக்கும். அதனால் வெட்டு தடுமாறும். முதலில் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைக்கும் எடிட்டிங் வடிவமான புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாற்றுங்கள். 4:3 படத்தை அகலத்துக்கு இழுக்காதீர்கள், முகம் கெடும்.

கேள்வி: மௌனப்படம் போல நொடிக்கு 16 ஃபிரேமாக மெதுவாக்கினால் அசைவு நொண்டுகிறது. நீல நிறம் போட்டால் முகமே இருண்டுவிடுகிறது.

நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் ஷாட்களை வரிசையாக வைக்கும் பட்டை) 16-ஐ ஓட்டினால் ஒரு ஃபிரேம் ஒருமுறையும் அடுத்தது இருமுறையும் வரும். நொண்டல் அதனால்தான். டைம்லைனை 48-ஆக வையுங்கள், ஒவ்வொன்றும் சரியாக மூன்று முறை வரும். 24-ஐ விட வழியில்லை என்றால் 12-க்கு இறங்குங்கள், ஒவ்வொன்றும் இருமுறை. மென்பொருளில் ஃபிரேம் பிளெண்டிங், ஆப்டிகல் ஃப்ளோ என்ற இரண்டு வசதிகளையும் அணைத்துவிடுங்கள். அவை இல்லாத ஃபிரேமைக் கற்பனை செய்யும், விரல்கள் மெழுகாய் உருகும். மூலம் 29.97-இல் இருந்து, ஐந்து ஃபிரேமுக்கு இரண்டில் சீப்புப் பல் கோடு தெரிந்தால், முதலில் இன்வர்ஸ் டெலிசினி (டிவிக்காகச் சேர்த்த கூடுதல் ஃபிரேம்களை நீக்குவது) செய்து 23.976-க்குக் கொண்டுவாருங்கள், அப்போது டைம்லைன் 47.952.

நிறத்துக்கு, படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கி, மேலே நீல லேயரை (அடுக்கை) மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வையுங்கள். வெளிச்சப் பகுதி நீலமாகும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கண்ணாடி வழியே திரையிட்ட தோற்றம் அதுதான். ஸ்கிரீன் முறை இதற்கு நேர்மாறு, நிழல்தான் நீலமாகும். சுத்த நீலத்துக்கு (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0, 0, 255) வெண்மையின் ஒளிர்வில் ஏழு சதவீதம்தான், முகம் இருள்வது அதனால். (110, 150, 255) அளவில் தொடங்கி, மிட்டோனை (நடுத்தர வெளிச்சப் பகுதியை) கொஞ்சம் ஏற்றுங்கள்.

கேள்வி: கார்னெல் வழி தவிர வேறு முறைகள் உண்டா?

உண்டு. மத்தியாஸ் முல்லரின் 'ஹோம் ஸ்டோரிஸ்' (1990) பல நடிகைகளை எடுத்துக்கொள்கிறது: விளக்கைப் போடுவது, கதவில் காது வைப்பது, ஓடுவது என்று ஒரே அசைவை ஒருவர் தொடங்க இன்னொருவர் முடிக்கிறார். மார்ட்டின் ஆர்னால்டு 'பியஸ் துஷே' (1989) படத்தில் 18 நொடி ஷாட் ஒன்றை ஃபிரேம் ஃபிரேமாக முன்னும் பின்னும் ஆட்டி ஏறக்குறைய 16 நிமிடமாக்கினார். பீட்டர் செர்காஸ்கியின் 'அவுட்டர் ஸ்பேஸ்' (1999) இருட்டறையில் உருவானது: பார்பரா ஹெர்ஷி நடித்த படத்தின் ஃபிலிமைக் கச்சா ஃபிலிம் மேல் வைத்து, சிறு விளக்கால் துண்டு துண்டாக ஒளியூட்டிப் படியெடுத்தார். தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஆர்னால்டு வழி. ஒரே ஷாட் போதும். மூன்று ஃபிரேம் முன்னே, இரண்டு பின்னே என்று நகர்த்திப் பாருங்கள். சாதாரணமாகத் தலை திரும்புவதில்கூட எவ்வளவு தயக்கம் இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.